ஏரியா பையனின் அம்மா

"டெஸ்ட்டா, ஏரியாவா?"

என் மகன் படிக்கும் பள்ளியின் வாசலில் காரை நிறுத்திக் காத்திருக்கும் பெற்றோர்கள், புதிதாக யாரையாவது பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கண்ணாடியை இறக்கி, சிரித்த முகத்தோடு கேட்பார்கள். உங்கள் பையன் நுழைவுத் தேர்வு எழுதி இடம் பிடித்தவனா, இல்லை, பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பதால் சேர்ந்தவனா என்று அர்த்தம். என்னை மட்டும் ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். இந்தியர் என்றால் டெஸ்ட். அதிலும் தமிழர் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த நினைப்பு எங்கள் வீட்டுக்குள் வந்து செய்துவிட்டுப் போனதை எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். முதலில் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொள்ளாமல்தான் எல்லாரும் அதன் வாசலில் நின்று பேசுகிறார்கள்.

ஹூஸ்டனில், ஃப்ரீவே மேம்பாலத்துக்குக் கீழே, பையூ என்று இங்கே சொல்கிற மந்தமான ஓர் ஆற்றின் கரையில் இருக்கிறது அந்தப் பள்ளி. ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் அரசுப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிகளுக்குள் விடாத காலத்தில், அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் தங்கள் பையன்களுக்காகக் கட்டியது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு விற்று நிலம் வாங்கினார்களாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பாக்கள் மாலை வெயிலில் சுவர் எழுப்பினார்களாம். மேசைகள் போதாததால் ஒரு மேசைக்கு இரண்டு பையன்கள் உட்கார்ந்தார்கள்.

பிறகு சட்டம் மாறியது. வசதி வந்தவர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். வகுப்புகள் காலியாயின. பள்ளியை மூடிவிடலாம் என்று நகரக் கல்வி வாரியம் முடிவு செய்தபோது, தெருக்காரர்கள் வாரியக் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. பாதி இடங்களுக்கு நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் பையன்கள் தேர்வு எழுதி வரலாம். மீதிப் பாதி எப்போதும் அந்தத் தெருப் பையன்களுக்கு. டெஸ்ட் பையன்கள் வந்ததால்தான் பள்ளி பிழைத்தது என்று இன்று ஒரு கூட்டம் பேசுகிறது. தெருக்காரர்கள் எழுந்திருக்க மறுத்ததால்தான் டெஸ்ட் பையன்கள் வந்து உட்கார ஒரு கட்டிடமே மிஞ்சியது என்பதை அந்தக் கூட்டம் சொல்வதில்லை.

உடன்பாடு வந்த காலத்தில் இருந்த தலைமையாசிரியர் பழைய இரட்டை மேசைகளைத் தூக்கிப்போடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே ஒரு டெஸ்ட் பையனையும் ஓர் ஏரியா பையனையும் குலுக்கல் முறையில் ஒரு மேசையில் உட்காரவைத்தார். இரண்டு வருடம் அதே ஜோடி. அறிவியல் லேப் வேலை இருவருக்கும் சேர்த்து, மதிப்பெண்ணும் இருவருக்கும் ஒன்று. அவருக்குப் பின் வந்தவர்கள் யாரும் அதை மாற்றவில்லை. முதல் நாள், ஜிம்மில் பெற்றோர்கள் முன்னால் ஜோடி ஜோடியாக வந்து கைகுலுக்குவார்கள். வெள்ளைச் சட்டை, நீல டை. டை கட்டத் தெரியாதவனுக்குப் பக்கத்து மேசைக்காரன் கட்டிவிட வேண்டும். ஆசிரியர்கள் பையன்களை மிஸ்டர் என்று சேர்த்து, குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? என் மகனை நாள் முழுக்க என் கணவரின் பெயரால் அழைத்தார்கள்.

"அம்மா, ஆல் டே அப்பாவைக் கூப்பிடறாங்க, நான் ஆன்சர் பண்றேன்," என்று வந்து சிரித்தான். அவன் அவ்வளவு தமிழ் பேசுவதே அபூர்வம். பள்ளி அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது.

நாங்கள் அந்த ஏரியாவுக்கு வந்தது சாதாரணக் காரணத்துக்காக. நானும் கணவரும் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறோம். ஷிஃப்ட் மாறி மாறி வரும். வேலைக்குப் பக்கத்தில், எங்கள் சக்திக்குள், பின்னால் ஒரு பெக்கான் மரத்தோடு ஒரு வீடு கிடைத்தது. வாங்கினோம். பேர்லேண்ட் போன்ற புறநகர்களில் இருக்கும் நண்பர்கள் "அந்த ஏரியாலயா?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் இதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பள்ளி எங்கள் பின் தெருவில் இருந்தது. என் மகனுக்கு அங்கே உரிமையாக ஓர் இடம் இருந்தது. தேர்வு என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை, அதனால் தேவையில்லாத ஒன்றை எழுது என்று நானும் சொல்லவில்லை.

கைகுலுக்கும் நாளில் அவனுக்கு ஜோடியாக வந்தவன் ஒரு தமிழ்ப் பையன். குலுக்கலில் அப்படி விழுந்துவிட்டது. அவன் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, தமிழா? அப்பாடா! எனக்கு நேத்துலேர்ந்து தூக்கமே இல்ல."

"ஏம்மா?"

"யாரோட போடுவாங்களோன்னுதான். ஆபீஸ்ல போய் ரிக்வெஸ்ட் பண்ணேன், நம்ம பையனா பாத்து போடுங்கன்னு. அதெல்லாம் முடியாதுன்னுட்டாங்க. பாத்தீங்களா, பெருமாள் போட்டுட்டார்."

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். கலகலப்பானவள், கொடுக்கிற கை. என் இரவு ஷிஃப்ட் நாட்களில் இரண்டு பையன்களையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் தோசை வார்த்துப் போட்டாள். அவள் மகன் கணக்கில் புலி, ஆனால் நான்கு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான். என் மகன் வாயாடி, எதையாவது பிரித்து மாட்டிக்கொண்டே இருப்பான். இரண்டு பேரும் லேப் வேலைக்குப் பள்ளியின் பின்னால் ஓடும் பையூவின் தண்ணீரை எடுத்துக்கொண்டார்கள். மழைக்கு முன் எப்படி, மழைக்குப் பின் எப்படி, ஃப்ரீவே சாக்கடை வந்து கலக்கிற இடத்தில் எப்படி என்று புட்டிகளில் பிடித்து வந்து சோதிப்பார்கள். இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் எங்கள் பின்வாசலில் சேறோடு கிடக்கும். அவள் மகனின் பூட்ஸையும் நான்தான் கழுவுவேன். வசந்த காலத்தில் பள்ளிக் கண்காட்சியில் அதை வைக்கப்போகிறார்கள் என்பது இரண்டு வீட்டிலும் பெரிய பேச்சாக இருந்தது.

இரண்டாம் வருடம் நவராத்திரிக்கு அவள் வீட்டுக் கொலுவுக்குப் போனேன். மேற்குக் கரையில் இருக்கும் மில்பிடாஸிலிருந்து புதிதாக ஹூஸ்டனுக்குக் குடிவந்த ஒரு பெண்ணும் வந்திருந்தாள். அவள் பையன் அடுத்த வருடம் தேர்வு எழுத வேண்டியவன். சுண்டல் கிண்ணத்தோடு அவளை உட்காரவைத்து, வீட்டுக்காரி பள்ளியைப் பற்றி வகுப்பே எடுத்தாள்.

"ஸ்கூல் சூப்பர்ங்க. ஒரே ப்ராப்ளம், பாதி சீட்ட சும்மா தூக்கிக் குடுக்கறாங்க, அந்த ஏரியா பசங்களுக்கு. நம்ம பசங்க ராப்பகலா உக்காந்து ப்ரிப்பேர் பண்ணுதுங்க. அதுங்க நடந்து வந்து உக்காந்துக்குதுங்க."

"அய்யோ, ஒரே க்ளாஸ்லயா?"

"ஒரே மேசைலங்க! ஒரு டெஸ்ட், ஒரு ஏரியா. லேப் மார்க் காமன். நாங்கல்லாம் சேந்து போர்டுல பேசப்போறோம், எல்லா சீட்டையும் டெஸ்ட்டுக்கே விடணும்னு. அக்காவும் பேசறாங்க. அக்காவோட இங்கிலீஷ் நல்லா இருக்கும்."

அக்கா என்றது என்னை. நான் பேசுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாயில் இருந்த சுண்டலை விழுங்கிவிட்டுப் பேசலாம் என்று பார்ப்பதற்குள், மில்பிடாஸ் பெண் முந்திக்கொண்டாள். அவளுக்கு இந்த ஊர் வழக்கம் எதுவும் தெரியாததால் கணக்கு நேராகப் போட்டாள்.

"இருங்க, ஒரு டெஸ்ட் ஒரு ஏரியான்னீங்களே. உங்க பையனும் அக்கா பையனும்தானே ஒரே மேசை? அப்போ இதுல யாரு ஏரியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஜோக் என்று நினைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த விதியைத் தெரிந்துவைத்திருந்த வீட்டுக்காரிக்கு, அது தன் வீட்டில் தோசை சாப்பிடும் பையனுக்கும் பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"என் பையன்தான்," என்றேன்.

"வெளையாடாதீங்கக்கா."

"எங்க வீடு ஸ்கூலுக்கு அடுத்த தெருவுலதானே இருக்கு. நீ வந்து ட்ராப் பண்ணிருக்கியே."

"அது... நீங்க ஹாஸ்பிடலுக்குப் பக்கமா இருக்கணும்னு இருக்கீங்கன்னு... சொல்லவே இல்லையேக்கா நீங்க?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

அவள் எழுந்து வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து வந்தாள். குங்குமம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அடுத்தவருக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதையோடு என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

தீபாவளிக்கு முன்பே பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. உட்காரும் இடத்தில் ஒரு சின்ன மாற்றம், உங்கள் மகன் கொஞ்ச நாள் தனியாக உட்காருவான், வேறு ஜோடி பார்க்கிறோம் என்றார்கள். யார் கேட்டு நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவளைக் கூப்பிட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பர்சனலா ஒண்ணும் இல்ல. லேப் மார்க் காமன் ஆச்சே. காலேஜ் அப்ளை பண்ணும்போது ஒவ்வொரு மார்க்கும் பாப்பாங்க."

"இவ்ளோ நாளும் ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்தானே போட்டாங்க? அது கொறைஞ்சுதா?"

"கொறையலக்கா. உங்க பையன் பிரைட்டுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல? அப்புறம்?"

"இருந்தாலும்... டெஸ்ட்டுன்னா ஒரு கேரண்டி இல்லையாக்கா."

கேரண்டி! தன் கையால் தோசை வார்த்துப் போட்ட பிள்ளைக்கு, ஒரு வருடம் தன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அதே மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு, மிக்ஸி வாங்குவதுபோல் கேரண்டி கேட்டாள். ஃபோனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கில் வந்து குவிந்தது.

எனக்கு அவள்மேல் மட்டும் கோபம் இல்லை. ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர் என்பார்கள், பிறகு எந்தத் தெரு என்பார்கள். தெருவைத் தெரிந்துகொண்டு எதை எடைபோடுகிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்தக் கேள்விக்கு விசா வாங்கி, விமானத்தில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து இறக்கி, கார் கண்ணாடி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கறுப்பின மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய கட்டிடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் பேரப்பிள்ளைகளைச் சும்மா வந்தவர்கள் என்கிறோம். இதை வேறு யாராவது நமக்குச் செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்போம் என்று நமக்கு நன்றாகத் தெரியும்.

என் மகன் "இட்ஸ் ஃபைன், அம்மா," என்றான். ஃபைன் இல்லை. பையூவுக்குப் போவதை நிறுத்தினான். பூட்ஸ் காய்ந்து சேறு உதிர்ந்து கிடந்தது. இரண்டு பேர் மேசையில் ஒருவனாக உட்கார்ந்திருப்பதை வகுப்பே பார்க்கும் இல்லையா? ஒருநாள் சாப்பிடும்போது, ஃப்ரீவேக்கு அந்தப்பக்கம் இருக்கும் பெரிய பொதுப் பள்ளிக்கு மாறிக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அங்கே யாரும் டெஸ்ட் எழுதுவதில்லை, அதனால் யாருக்கும் எதுவும் தெரியாது என்றான். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் இஷ்டம்," என்றார். தனக்கு உரிமையான இடத்தைவிட்டு, தெரியாத இடத்தில் போய் ஒளிந்துகொள்கிறேன் என்கிறான் என் பிள்ளை. அவனுக்கு அந்தப் பள்ளி எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் போய்விட்டால் போனதுதான்.

தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவரே அந்தத் தெருக்களில் வளர்ந்து, அதே இரட்டை மேசையில் படித்தவர். என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"ஜோடியை மாற்றுவதில்லை என்றுதானே முதல் நாள் சொன்னீர்கள்?"

"மாற்றியதில்லை. இந்த வருடம்தான் முதல் தடவை. சில பெற்றோர்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி வாரியம் சொன்னது."

"அவர்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். என் பையனுக்கு என்ன கொடுத்தீர்கள்? ஒரு காலி நாற்காலி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார். "மேடம், வாரியக் கூட்டத்தில் அவர்கள் பேசுவார்கள். எங்கள் தெரு ஆட்கள் பேசுவார்கள். எங்கள் ஆட்கள் சொல்வதை அவர்கள் எப்போதும் கேட்டதில்லை. நீங்கள் சொன்னால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசை."

அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. தன் வேலையை என் தலையில் வைக்கிறார் என்று பொருமிக்கொண்டே காருக்கு வந்தேன். ஆனால் போனேன். கூட்டத்தில் முன் வரிசையில் நம் ஆட்கள், அவளும் சேர்த்து, நல்ல உடை உடுத்திக்கொண்டு, உழைப்பு, தகுதி, நியாயம் என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். என் முறை வந்தபோது மைக் முன்னால் போய் நின்றேன். எழுதிக்கொண்டு போனது எதையும் படிக்க முடியவில்லை.

"நான் ஒரு ஏரியா பையனின் அம்மா," என்றேன் ஆங்கிலத்தில். "நீங்கள் வேண்டாம் என்கிற பாதியில்தான் என் மகன் இருக்கிறான். முன் வரிசையில் இருக்கிற பலர் வீட்டில் அவன் சாப்பிட்டிருக்கிறான். அவனுடைய தகுதியில் அவர்களுக்கு அப்போது சந்தேகம் வரவில்லை. அவன் வீட்டு முகவரி தெரிந்த பிறகுதான் வந்தது."

முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஃபோனில் ஏதோ வந்துவிட்டது. பின்னாலிருந்து தெருக்காரப் பெரியவர் ஒருவர் ஆமென் என்றார். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

பாதி பாதி என்ற உடன்பாடு அப்படியே இருக்கும், இனி ஜோடி மாற்றக் கூடாது என்று வாரியம் முடிவு செய்தது. ஏற்கெனவே மாற்றியது மாற்றியதுதானாம். நான் பேசியதால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். வழக்கம்போல எழுந்திருக்க மறுத்தவர்கள் அந்தக் கூட்டத்திலும் பின் வரிசையில் நிறைய பேர் இருந்தார்கள்.

என் மகன் பக்கத்தில் ஒரு வியட்நாமியப் பையனை உட்காரவைத்தார்கள், டெஸ்ட்டில் வந்தவன். வேறு பள்ளியிலிருந்து வருடத்தின் நடுவில் சேர்ந்தவன். முதல் சனிக்கிழமை அவன் அப்பா ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "உங்கள் பையனுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியுமாம். என் பையனுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்," என்றார். டெஸ்ட்டா ஏரியாவா என்று கேட்கவில்லை. என் மகன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசலில் பூட்ஸைத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. பள்ளி மாறும் பேச்சு அதோடு நின்றது. நான் சமையலறையில் நின்றுகொண்டு அந்த ஆரஞ்சுகளைக் கழுவின பிறகும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன மாதம் பேர்லேண்ட் கோயிலுக்குப் போயிருந்தோம். கார் நிறுத்துமிடத்தில் அந்தக் கொலு வீட்டுக்காரி என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். கையில் புளியோதரைப் பொட்டலம்.

"அக்கா, பேசாமயே இருப்பீங்களா? அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

நான் பையில் கார் சாவியைத் தேடினேன்.

"சின்னவன் டெஸ்ட் எழுதினான்க்கா. கிடைக்கல. கொஞ்சத்துலதான் போச்சு. அழுதுட்டே இருக்கான். அண்ணன் படிக்கற ஸ்கூல்தான் வேணுங்கறான்."

"பாவம்," என்றேன். உண்மையாகவே பாவமாக இருந்தது.

குரலைத் தாழ்த்தினாள். "ஒரு ஹெல்ப்க்கா. உங்க அட்ரஸ மட்டும் யூஸ் பண்ணிக்கட்டுமா? உங்க வீட்ல மேல ஒரு ரூம் வாடகைக்கு இருக்கற மாதிரி. ஏரியா சீட் கிடைச்சுடும். யாருக்கும் தெரியாது."

இதே ஏரியா சீட் வேண்டாம் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள்.

"அட்ரஸ் தர மாட்டேன்," என்றேன். "ஆனா எங்க வீட்லேர்ந்து நாலு வீடு தள்ளி ஒரு வீடு வாடகைக்கு வந்துருக்கு. நல்ல வீடு. குடி வந்துடு. உன் சின்னவனுக்கு உரிமையா சீட் கிடைக்கும். ஒரு டெஸ்ட் பையன் பக்கத்துல உக்காந்து படிப்பான்."

அவள் முகத்தில் இருந்த கெஞ்சல் போய், நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டது போல் ஒரு திகைப்பு வந்தது.

"அந்த ஏரியாலயா? குழந்தைங்கள வெச்சுக்கிட்டு எப்படிக்கா..."

"நாங்க எப்படி இருக்கோமோ அப்படித்தான்."

பொட்டலத்தை என் கையில் திணிக்கப் பார்த்தாள். நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். என் மகன் முன் இருக்கையில் இருந்தான். ஆன்ட்டிக்கு என்ன வேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"நம்ம அட்ரஸ்."

அவன் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் ஆனது. பிறகு சீட் பெல்ட் இழுபட, குனிந்து குனிந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் வரவில்லை.

அந்த வீட்டின் முன்னால் வாடகைப் பலகை அப்படியேதான் நிற்கிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன்.